தோலில் மருந்து, குருதியில் நஞ்சு: நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளின் நூறாண்டு

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குக் காயத்தைக் கழுவி, ஈரம் ஒற்றி, நியோஸ்போரின் பவுடரைத் தூவிவிடுகிறோம். அந்தத் தூளில் இருப்பவை மூன்று மருந்துகள்: நியோமைசின், பாலிமிக்சின் பி, பேசிட்ராசின். பிந்தைய இரண்டும் பெப்டைடுகள். அதாவது சில அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிகள். பேசிட்ராசினின் பெயருக்குள் ஒரு சிறுமி இருக்கிறாள். 1943-இல் நியூயார்க்கில் கால் எலும்பு முறிந்து வந்த ட்ரேசி என்ற குழந்தையின் காயத்தில் வாழ்ந்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியா, உடனிருந்த கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் பாக்டீரியாவின் பெயரோடு குழந்தையின் பெயரையும் சேர்த்து மருந்துக்கு இட்டார்கள். காயத்தின் மேல் தூவும்போது சாதுவாக இருக்கும் இந்தப் பெப்டைடு, ஊசி வழியே உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2020 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பேசிட்ராசின் ஊசிமருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. களிம்பும் தூளும் அப்படியே தொடர்கின்றன.

மேலே மருந்து, உள்ளே நஞ்சு என்னும் இந்தப் பிளவு பேசிட்ராசினோடு நிற்கவில்லை. இயற்கைப் பெப்டைடுகளை நுண்ணுயிர்க்கொல்லியாக்க நடந்த நூறாண்டு முயற்சி முழுவதிலும் அது ஓடுகிறது. பூச்சியின் குருதி, தவளையின் தோல், நம் வெள்ளணு என்று எங்கே தேடினாலும் கிருமியைக் கொல்லும் பெப்டைடு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த பென்சிலின் வந்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் மருந்துக்கடை வரை வந்தவை ஏறக்குறைய எல்லாமே நுண்ணுயிர்கள் செய்தவை. விலங்குகள் தமக்காகச் செய்துகொண்ட பெப்டைடு எதுவும் அமெரிக்க நிர்வாகத்தின் ஒப்புதலோடு நுண்ணுயிர்க்கொல்லியாக இன்னும் வரவில்லை. இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. அந்தப் பெப்டைடுகள் எதற்காக, எந்த இடத்துக்காக உருவானவை என்பதிலேயே அதன் காரணம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சளி, சதுப்புநிலம், போர்முனை

1921 நவம்பரில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், சளி பிடித்திருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் மூக்குச்சளியைப் பாக்டீரியா வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். சளியை ஒட்டியிருந்த கிருமிகள் கரைந்துபோயின. கண்ணீரிலும் அந்தப் பொருள் இருப்பது தெரிந்ததும், போதுமான கண்ணீர் வேண்டுமே என்று உடன் வேலைசெய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிந்தார். லைசோசைம் என்று பெயரிடப்பட்ட அது 130 அமினோ அமிலங்கள் கொண்ட நொதி. பெப்டைடு என்று சொல்லும் அளவைத் தாண்டியது. கொடிய கிருமிகளிடம் அது செல்லவில்லை. இருந்தாலும், உடல் தன் ஈரமான வாசல்களில் தானே கிருமிக்கொல்லியைப் பூசி வைத்திருக்கிறது என்ற செய்தி அன்றே கிடைத்துவிட்டது. அதன் பொருளை மருத்துவம் உணர அறுபது ஆண்டு ஆயிற்று.

பெப்டைடின் மருத்துவ வரலாறு முறையாகத் தொடங்குவது ரெனே டுபோவிடம். நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில் இருந்த இந்தப் பிரெஞ்சுக்காரர், மண் விஞ்ஞானியாகப் பயின்றவர். மண்ணில் விழும் எதுவும் மட்கிவிடுகிறது என்றால், நிமோனியாக் கிருமியின் உறையை மட்கவைக்கும் உயிரும் அங்கே இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தார். நியூஜெர்சியில் கிரேன்பெரி விளையும் சதுப்புநிலத்து மண்ணில் அப்படி ஒன்று கிடைக்கவும் செய்தது. அடுத்த படியாக, மண்ணோடு உயிருள்ள கிருமிகளையே கலந்து, அவற்றைத் தின்று வாழப் பழகும் உயிர் எதுவென்று காத்திருந்தார். 1939-இல் பேசில்லஸ் பிரெவிஸ் என்னும் பாக்டீரியாவிடமிருந்து டைரோத்ரிசின் கிடைத்தது. ரோலின் ஹாட்ச்கிஸ் அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே கிராமிசிடின், டைரோசிடின் என இரண்டு பெப்டைடுத் தொகுதிகள் இருந்தன. பென்சிலின் மனித உடலுக்குள் செல்வதற்கு முன்பே கிராமிசிடின் வந்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

ஆனால் குருதியில் ஏற்றினால் கிராமிசிடின் சிவப்பணுக்களை உடைத்தது. புண்ணின் மேல் மட்டும் இடலாம் என்ற எல்லை அப்போதே விழுந்தது. பென்சிலினுக்கு அந்த எல்லை இல்லை. பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதியைத்தான் அது தாக்குகிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. கிராமிசிடினோ சவ்வைத் துளைக்கிறது. சவ்வு இல்லாத செல் உலகில் இல்லை.

போர்க்காலத்தில் மாஸ்கோவில் கியோர்கி காவ்ஸவும் மரியா பிராஸ்னிகோவாவும் உள்ளூர் மண்ணிலிருந்து இன்னொரு கிராமிசிடினைக் கண்டார்கள். பத்து அமினோ அமிலங்கள் வளையமாகக் கூடியது. சோவியத் நாட்டைக் குறிக்க கிராமிசிடின் எஸ் என்று பெயர். செஞ்சேனை வீரர்களின் காயங்களுக்கு அது பயன்பட்டது. அதன் மாதிரி பிரிட்டனுக்குப் போனது. அங்கே ரிச்சர்ட் சிங்கும் உடனிருந்தவர்களும் தாள் வண்ணப்பகுப்பு முறையால் அதில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்று 1947-இல் கண்டறிந்தனர். கிராமிசிடின் படிகம் ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கின்னின் ஆய்வகத்தில் ஆராய்ந்த மாணவிகளில் ஒருவர், பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான மார்கரெட் தாட்சர்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு விந்தையில் நம்மவர் ஒருவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. உயிரினங்களின் புரதங்கள் எல்லாம் இடக்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. 15 அமினோ அமிலங்கள் கொண்ட கிராமிசிடின் ஏ-வில் இடக்கை, வலக்கை வடிவங்கள் மாறிமாறி வருகின்றன. இப்படிப்பட்ட சங்கிலி எவ்வாறு சுருளக்கூடும் என்பதை 1970களின் தொடக்கத்தில் கணக்கிட்டவர்களில் ஜி. என். ராமச்சந்திரனும் ஒருவர். பெப்டைடுப் பிணைப்பைச் சுற்றி எந்தெந்தக் கோணங்கள் இயலும் என்று காட்டும் அவருடைய வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இன்றும் புதிய பெப்டைடு எதன் வடிவத்தை வெளியிட்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

கொலிஸ்டின்: விரட்டி, மீண்டும் அழைத்து

1947-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனித்தனியே பாலிமிக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. சற்றுப் பின் ஜப்பானில் அதன் உடன்பிறப்பான கொலிஸ்டின் கிடைத்தது. பென்சிலின் தொடாத கிராம்-நெகடிவ் கிருமிகளை இவை கொன்றன. வளையத் தலை, அதில் ஐந்து நேர்மின்னேற்றங்கள், பின்னால் ஒரு கொழுப்பு வால். கிருமியின் வெளிச்சவ்வில் எதிர்மின்னேற்றம் கொண்ட லிப்பிட் ஏ என்னும் மூலக்கூறைத் தலை பிடித்துக்கொள்ள, வால் சவ்வுக்குள் இறங்கும். சிறுநீரகம் தாங்கவில்லை. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும், 1970களில் ஊசிமருந்தாக இவை ஏறக்குறைய ஒதுக்கப்பட்டன.

திரும்பவும் அழைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள். இந்த இடத்தில் சென்னை வரலாற்றுக்குள் வருகிறது. அந்த எதிர்ப்பைத் தரும் என்டிஎம்-1 மரபணுவைப் பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்திய மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலும் ஹரியானாவிலும் திரட்டியவை. மரபணுவின் பெயரில் டெல்லி இருந்ததால் எழுந்த கூச்சலில், அந்த ஆய்வின் கனமான வரி அமுங்கிப்போனது. அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் அப்போது எஞ்சி வேலைசெய்தவை கொலிஸ்டினும் டைகெசைக்ளினும் மட்டுமே. 1970களில் சிறுநீரகத்துக்காகக் கைவிட்ட பெப்டைடு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கையிருப்பாகிவிட்டது. இன்று கொலிஸ்டின் ஏறும் நோயாளிக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எண் ஏறினால் மருந்தளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கிருமி தப்பும். இரண்டுக்கும் நடுவில் மருத்துவர் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கையிருப்பையும் காக்கவில்லை நாம். பன்றியும் கோழியும் கொழுக்க வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்னும் மரபணுவை அறிவித்தார்கள். லிப்பிட் ஏ-யின் மேல் ஒரு சிறு வேதித் தொகுதியை ஒட்டி அதன் எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவதுதான் அதன் வேலை. பெப்டைடுக்குப் பிடிமானம் போய்விடும். அந்த மரபணு இருந்தது பிளாஸ்மிடில், அதாவது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய டி.என்.ஏ வளையத்தில். 2017-இல் சீனா கொலிஸ்டினைத் தீவன வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. 2019 ஜூலையில் இந்தியா உணவுக்கான கால்நடைகளில் அதற்குத் தடை விதித்தது. தடைகள் தேவையானவை, தாமதமானவை.

உறங்கும் கூட்டுப்புழு

விலங்குகளின் பெப்டைடுக் கதை வேறொரு கிளை. 1962-இல் கிஸ், மிச்ல் என்னும் இருவர், மஞ்சள் வயிற்றுத் தேரை ஒன்றின் நஞ்சில் சிவப்பணுவை உடைக்கும், பாக்டீரியாவையும் கொல்லும் பெப்டைடைக் கண்டு பாம்பினின் என்று எழுதினார்கள். 1960களில் ஸேயாவும் ஸ்பிட்ஸ்நாகலும் வெள்ளணுவுக்குள் நேர்மின்னேற்றப் புரதங்கள் இருப்பதைக் காட்டினார்கள். 1979-இல் ஐதராபாத்தில் ரெட்டியும் புஷ்பா பார்கவாவும் காளையின் விந்துநீரிலிருந்து செமினல்பிளாஸ்மின் என்னும் 47 அமினோ அமிலக் கிருமிக்கொல்லியைப் பிரித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இந்தத் துறையின் வழக்கமான வரலாறுகள் அடுத்து வரும் சுவீடன் ஆய்விலிருந்தே தொடங்குவதால், ஐதராபாத்தின் இடம் உரிய அளவு பேசப்படுவதில்லை. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆர். நாகராஜ் குழுவினர் அதே தடத்தில் பல ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுவீடனில் ஹான்ஸ் போமன் கேட்ட கேள்வி எளிமையானது: பூச்சிக்கு எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணு கிடையாது; பிறகு அழுகலின் நடுவே அது எப்படி உயிர்வாழ்கிறது? முதலில் பழ ஈயில் பார்த்தார். ஈ மிகச் சிறியது. அதனிடம் எடுக்கக் குருதி போதவில்லை. ஆகவே செக்ரோப்பியாவுக்கு மாறினார். வட அமெரிக்காவின் மிகப் பெரிய அந்துப்பூச்சி அது. நம் டசர் பட்டுப்பூச்சியின் குடும்பம்.

அந்தச் சோதனையைச் சற்று நின்று பார்க்கலாம். கூட்டுக்குள் கூட்டுப்புழு குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது. உண்பதில்லை, அசைவதில்லை, புதிதாகப் புரதம் செய்வதும் மிகக் குறைவு. கூட்டை அறுத்து, பழுப்பு நிறத்தில் தடித்த அந்தப் புழுவை எடுத்து, நோய் தராத எண்டிரோபேக்டர் பாக்டீரியாவைச் சிறிதளவு ஊசியில் ஏற்றுகிறார்கள். உறக்கம் கலையாமலே புழு வேலையைத் தொடங்குகிறது. மற்ற எல்லாப் புரத உற்பத்தியும் அடங்கியிருக்கும் உடலில், கிருமிக்கு எதிரான சில புரதங்கள் மட்டும் எழும்புகின்றன. சில நாள் கழித்துக் குருதிநீரை எடுத்துப் பார்த்தால், அதன் ஒரு துளி தட்டிலுள்ள பாக்டீரியாக்களைக் கொல்கிறது. சத்தமில்லாத வீட்டில் ஒரே ஒரு கடிகாரத்தின் ஒலி கேட்பதுபோல, உறங்கும் உடலில் அந்தச் சில புரதங்களை மட்டும் பிரித்துக் கேட்க முடிந்தது. போமனின் திறமை முழுவதும் இந்த உயிரைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது என்பேன். 1981-இல் ஸ்டைனர், ஹுல்ட்மார்க் முதலியோருடன் அவர் வெளியிட்ட செக்ரோபின் ஏ, 37 அமினோ அமிலங்கள் கொண்ட நேரான சங்கிலி.

1989-இல் போமன் குழு பன்றியின் குடலிலும் செக்ரோபின் கண்டதாக அறிவித்தது. பாலூட்டிக்கும் பூச்சிக்கும் பொதுவான ஆயுதம் என்று உலகம் வியந்தது. 2003-இல் அதே குழு, அந்தப் பெப்டைடு பன்றியுடையது அன்று, பன்றியின் குடலில் வாழ்ந்த நாக்குப்பூச்சியுடையது என்று எழுதித் தன் முந்தைய முடிவைத் திருத்தியது. தன் பெயரைப் பரப்பிய கண்டுபிடிப்பு ஒன்றைத் தானே திருத்த முன்வந்த நேர்மையை இந்தத் துறையின் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பெப்டைடுகள் எப்படிக் கொல்கின்றன? லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களால் அவற்றுக்கு நேர்மின்னேற்றம் கிடைக்கிறது. பாக்டீரியாவின் சவ்வின் புறப்பக்கம் எதிர்மின்னேற்றம் கொண்டது. நம் செல்சவ்வின் புறப்பக்கத்துக்கு மின்னேற்றம் ஏறக்குறைய இல்லை, கொலஸ்டிரால் வேறு அதை இறுக்கி வைத்திருக்கிறது. ஆகவே பெப்டைடு கிருமியின் பக்கம் இழுபடுகிறது. சவ்வைத் தொட்டதும் சுருளாக மடிந்து, ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கொழுப்பையும் நோக்கி நின்று சவ்வைக் கிழிக்கிறது. 1990-இல் மெரிஃபீல்டும் போமனும் உடன் உழைத்தவர்களும் இதை அழகாகச் சோதித்தார்கள். செக்ரோபினையும் தவளைப் பெப்டைடையும் முழுக்க வலக்கை வடிவ அமினோ அமிலங்களால், கண்ணாடிப் பிம்பமாகச் செய்து பார்த்தார்கள். பூட்டுக்குச் சாவிபோல ஒரு புரதத்தில் போய்ப் பொருந்துகிறது என்றால் பிம்பம் வேலைசெய்யக் கூடாது. அது அதே வீரியத்தோடு கொன்றது. இலக்கு புரதம் அன்று, சவ்வுதான் என்பது தெளிவாயிற்று.

இந்தச் சோதனையைப் பலர் நற்செய்தியாக மட்டும் படித்தார்கள். சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது கிருமிக்கு எளிதல்ல, ஆகவே எதிர்ப்பு வராது என்றார்கள். மறுபக்கம் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பூட்டு இல்லாத ஆயுதத்துக்கு எதிரியின் முகவரியும் இல்லை. மின்னேற்றத்தின் வேறுபாடு ஒன்றுதான் நம் செல்லைக் காப்பது. மருந்தளவு கூடினால் அந்த வேறுபாடு போதாமல் போகும்.

தவளையின் தையல்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஸாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கிழித்துச் சினைப்பையை எடுத்து மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்திவந்தார். எடுத்ததும் தைத்துத் தொட்டியில் திரும்ப விடுவது வழக்கம். தொட்டித் தண்ணீர் தூய்மையானது அன்று. இருந்தும் தையல் சீழ் வைக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. பலர் பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சிதான். அவர் அதைக் கேள்வியாக்கினார். தோலிலிருந்து 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பெப்டைடுகளைப் பிரித்து 1987-இல் வெளியிட்டார். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து மாகைனின் என்று பெயர் வைத்தார். அதற்குச் சற்று முன், 1985-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் செல்ஸ்டெட், கான்ஸ், லேரர் ஆகியோர் மனித நியூட்ரோபில் வெள்ளணுக்களில் டிஃபென்சின்களைக் கண்டிருந்தார்கள். பூச்சி, தவளை, மனிதர் என்று ஒரே ஏற்பாடு உயிருலகம் முழுவதும் இருப்பது புலப்பட்டது.

மாகைனினை ஒட்டி ஒரு நிறுவனமே தொடங்கியது. மாகைனினைச் சற்று மாற்றி பெக்சிகனன் என்னும் 22 அமினோ அமிலப் பெப்டைடைச் செய்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் காலில் கிருமி தொற்றிய ஆறாப் புண்ணுக்குக் களிம்பாக அது சோதிக்கப்பட்டது. காலை வெட்டுவதில் போய் முடியக்கூடிய புண் அது. நம் ஊர் மருத்துவமனைகளில் அதைக் காணாத நாள் இல்லை. இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளில் 835 நோயாளிகள் கலந்துகொண்டனர். ஆஃப்ளாக்சசின் மாத்திரை உண்டவர்களுக்கும் பெக்சிகனன் பூசியவர்களுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தது. 1999-இல் அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் மறுத்தது. இருக்கும் மருந்தைவிட மேலானது என்று காட்டவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஆஃப்ளாக்சசின் செல்லாத கிருமி வரும் நாளை மனத்தில் வைத்து, சமமாக இருப்பதையே பலனாகக் கொண்டிருக்கலாம் என்று நெடுநாள் நானும் நினைத்திருந்தேன். 2016-இல் வேறொரு நிறுவனம் மருந்தில்லாத வெறும் களிம்போடு ஒப்பிட்டு மீண்டும் சோதித்தபோது, பெக்சிகனன் மேம்பட்ட பலன் காட்டவில்லை. அந்த முடிவுக்குப் பின் 1999-ஐ முழு அநீதி என்று சொல்ல முடியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்றியின் வெள்ளணுப் பெப்டைடிலிருந்து பிறந்த இசெகனன், செயற்கைச் சுவாசக் கருவியிலுள்ளோரின் நிமோனியாவைத் தடுக்கத் தவறியது. அதே மூலத்தை முன்மாதிரியாகக் கொண்ட முரெபவாடின் சூடோமோனாஸைக் குறிவைத்து மூன்றாம் கட்டம் வரை வந்தது. சிறுநீரகப் பாதிப்பு எதிர்பார்த்ததைவிட மிகுந்ததால் ஊசிமருந்துச் சோதனை 2019-இல் நின்றது.

தோல்விகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படுகிறது. தவளையின் தோலில் பெப்டைடு சுரப்பிக்குள் அடர்த்தியாகத் தேங்கியிருக்கிறது. காயம் பட்ட கணத்தில், பட்ட இடத்தில் மட்டும் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. சிதைவது குறை அன்று, ஏற்பாட்டின் பகுதி. இல்லையென்றால் தவளையின் செல்களே உடையும். நாமோ அதே பெப்டைடைக் களத்திலிருந்து பிரித்து ஐந்து லிட்டர் குருதியில் கரைத்து, மணிக்கணக்கில் உலவ விட்டு, எங்கோ இருக்கும் கிருமியைத் தேடிக் கொல்லச் சொல்கிறோம். வழியில் உப்பு மின்னேற்றத்தை மங்கச் செய்கிறது. குருதிப் புரதங்கள் பெப்டைடைப் பற்றிக்கொள்கின்றன. இன்னொன்றும் உண்டு. டிரிப்சின் போன்ற நொதிகள் சங்கிலியை வெட்டுவது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்தே. கொல்லும் வலிமை எந்த அமினோ அமிலங்களில் இருக்கிறதோ, வெட்டு விழுவதும் அங்கேதான். விலையும் சேர்ந்துகொண்டது: பெப்டைடு செய்ய கிராமுக்கு 50 முதல் 400 டாலர் வரை ஆகும் என்று 2006-இல் ஹான்காக்கும் ஸாலும் மதிப்பிட்டார்கள்.

எதிர்ப்பு வராது என்ற நம்பிக்கையும் அதே ஆண்டு உடைந்தது. வரும் என்று வாதிட்ட படிமலர்ச்சி உயிரியலாளர் கிரஹாம் பெல்லோடு ஸாஸ்லாஃப் தாமே சேர்ந்து சோதனை செய்தார். பெக்சிகனனை மெல்ல மெல்லக் கூட்டி வளர்த்த 24 பாக்டீரியா வரிசைகளில் 22, 600 முதல் 700 தலைமுறைக்குள் எதிர்ப்பைப் பெற்றுவிட்டன. தன் கருத்துக்கு எதிரான முடிவில் ஸாஸ்லாஃப் தன் பெயரையும் இட்டிருக்கிறார்.

பாக்டீரியாவின் கைவண்ணம்

பாக்டீரியாவின் பெப்டைடு தவளையுடையதைப் போன்றது அன்று. அது மண்ணில் சிந்தப்படுகிறது. செய்தவனைவிட்டு விலகியும் தாக்குப்பிடிக்க வேண்டும். எனவே வளையமாகக் கட்டப்படுகிறது, வலக்கை அமினோ அமிலங்களும் கொழுப்பு வாலும் சேர்க்கப்படுகின்றன. நொதிக்கு எளிதில் வெட்டு வாய்ப்பதில்லை. துருக்கியின் அராரத் மலை மண்ணிலிருந்து கிடைத்த டாப்டோமைசின் இதற்கு நல்ல சான்று: 13 அமினோ அமிலங்கள், ஒரு கொழுப்பு வால். எலி லில்லி நிறுவனம் நாளுக்கு இருமுறை கொடுத்துப் பார்த்து, தசை பாதிப்பதைக் கண்டு கைவிட்டது. 1997-இல் உரிமம் பெற்ற க்யூபிஸ்ட் நிறுவனம் நாளுக்கு ஒருமுறை கொடுத்தது. இடைவெளியில் தசை தேறிக்கொண்டது. 2003-இல் ஒப்புதல் கிடைத்தது. மூலக்கூறில் ஓர் அணுவையும் மாற்றவில்லை. மாறியது நேர இடைவெளி மட்டும். ஆனால் நுரையீரலின் பரப்பில் உள்ள கொழுப்புப் படலம் டாப்டோமைசினைப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடுவதால் நிமோனியாவுக்கு அது உதவாது. இடத்தின் ஆட்சி இங்கும் தொடர்கிறது.

பாலாடைக்கட்டியைக் கெடாமல் காக்கும் நிசின், பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா செய்வது; 1969-இல் ஐ.நா. அமைப்புகளின் நிபுணர் குழு அதை உணவுச் சேர்க்கையாக ஏற்றது. செல்சுவருக்கான கட்டுமானப் பொருளான லிப்பிட் II என்னும் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டுதான் அது சவ்வைத் துளைக்கிறது. முகவரி தெரிந்த ஆயுதம். 2015-இல் பாஸ்டனில் கிம் லூயிஸ் குழு வெளியிட்ட டெய்க்ஸோபாக்டினும் லிப்பிட் II-ஐயே பிடிக்கிறது. ஆய்வகத் தட்டில் வளர மறுக்கும் பாக்டீரியாவை, சிறு அறைகளில் அடைத்து மண்ணுக்குள்ளேயே திரும்பப் புதைத்து வளர்த்து அதை அடைந்தார்கள். 2019-இல் அதே குழு இன்னும் கூர்மையாக யோசித்தது. பூச்சிப் புழுக்களைத் தாக்கும் நூற்புழுவின் குடலில் வாழும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவுக்கு, தன்னைச் சுமக்கும் விலங்கைக் கெடுக்காமல் போட்டிக் கிருமிகளை மட்டும் கொல்லும் மருந்து தேவை. விலங்குடலுக்குள் வேலைசெய்ய ஏற்கெனவே தேர்வாகிவிட்ட மருந்து அங்கே இருக்க வேண்டும் என்று தேடி, ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட டாரோபாக்டினைக் கண்டார்கள். கிராம்-நெகடிவ் கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள பாம்-ஏ புரதம் அதன் இலக்கு. பெப்டைடு எந்த இடத்துக்காக உருவானது என்ற கேள்வியைத் தேடலுக்கு முன்பே கேட்ட முயற்சி இது. அதனால்தான் கண்டுபிடிக்கும் பெப்டைடுகளின் எண்ணிக்கையைவிட இதை நான் மதிக்கிறேன்.

டூபிங்கன் ஆய்வாளர்கள் 2016-இல் மீண்டும் மூக்குக்கே வந்தார்கள். மனித மூக்கில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்னும் பாக்டீரியா லக்டுனின் என்ற வளையப் பெப்டைடைச் சுரந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை அண்டவிடாமல் வைக்கிறது. மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்தபோது, லக்டுனென்சிஸ் உள்ள மூக்குகளில் 5.9 விழுக்காட்டில்தான் ஆரியஸ் இருந்தது. அது இல்லாத மூக்குகளில் 34.7 விழுக்காடு.

எண்ணிக்கைக்கும் இப்போது குறைவில்லை. 2024-இல் செல் இதழில் வந்த ஆய்வு, உலகெங்கும் திரட்டிய நுண்ணுயிர் மரபணுத் தொகுப்புகளைக் கணினிக்குக் கற்பித்து 8,63,498 பெப்டைடுகளை முன்மொழிந்தது. செய்து பார்த்த 100-இல் 79 கிருமிகளிடம் செயல்பட்டன. 63 நோய்க்கிருமிகளையும் தாக்கின. நமக்குப் பக்கத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஹைட்ரோஃபிலாக்ஸ் பஹுவிஸ்தாரா தவளையின் தோலில், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் 2017-இல் உருமின் என்னும் பெப்டைடைக் கண்டன. களரியில் சுழற்றும் சுருள்வாளான உருமியின் பெயர் அதற்கு. பாக்டீரியாவை விட்டு எச்1 வகை இன்ஃபுளுவென்சா வைரஸைத் தாக்குவது அதன் சிறப்பு. கொல்லும் பெப்டைடைக் கண்டுபிடிப்பது இந்தத் துறையில் ஒருபோதும் அரிதாக இருந்ததில்லை. குருதியையும் சிறுநீரகத்தையும் தாண்டி வருவதுதான் அரிது. கணினி அந்தப் பகுதியைக் குறைவாகவே தொட்டிருக்கிறது.

டாக்காவின் வழி

இன்னொரு வழி இருக்கிறது: பெப்டைடை வெளியிலிருந்து தராமல், அது சுரக்க வேண்டிய இடத்திலேயே உடலைச் சுரக்கவைப்பது. கேத்தலிசிடின் என்னும் பெப்டைடுக் குடும்பத்தில் மனிதருக்குள்ளது ஒன்றே ஒன்று. 37 அமினோ அமிலங்கள் கொண்ட எல்எல்-37. 2001-இல் டாக்கா, ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்கள். சீதபேதி தரும் ஷிகெல்லா, குடல் சுவரில் எல்எல்-37 சுரப்பதையே அடக்கிவிடுகிறது. கிருமி முதலில் காவலாளியை உறங்கவைத்துவிட்டே உள்ளே நுழைகிறது. அப்படியானால் காவலாளியை எழுப்பலாமே? நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்டை, ஷிகெல்லா தொற்றிய முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயலின் கேத்தலிசிடின் மீண்டும் சுரந்தது, நோய் தணிந்தது. 2006-இல் அது வெளியானது. பின்னர் டாக்காவில் நோயாளிகளிடமும் சோதித்தார்கள். காசநோயில், வழக்கமான மாத்திரைகளோடு பீனைல்பியூட்டிரேட்டும் வைட்டமின் டி-யும் சேர்த்த சோதனை 2015-இல் வெளிவந்தது. சளி தொடக்க வாரங்களில் விரைவாகத் தெளிந்ததாக அதில் கண்டார்கள்.

வைட்டமின் டி இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. எல்எல்-37 மரபணுவை இயக்கும் பகுதியில் வைட்டமின் டி-யின் ஏற்பி வந்து அமரும் இடம் இருக்கிறது. 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் குழு, காசநோய்க் கிருமியை உணர்ந்த வெள்ளணு வைட்டமின் டி துணையால் எல்எல்-37-ஐச் சுரந்து அக்கிருமியைக் கொல்வதைக் காட்டியது. மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோயாளிகளை வெயிலில் படுக்கவைத்ததற்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு வைட்டமின் டி கொடுத்த சோதனை, 2020-இல் வந்த முடிவின்படி, காசநோய்த் தொற்றைத் தடுக்கவில்லை. தொற்றைத் தடுப்பது ஒன்று, வந்த நோயில் பெப்டைடைத் தூண்டுவது வேறொன்று. வைட்டமின் தனியே செய்யாததைப் பியூட்டிரேட்டோடு சேர்ந்து செய்யக்கூடும் என்று நான் கருதுகிறேன்.

அதை எலியில் சோதித்து முடிவுசெய்ய வழியில்லை. வைட்டமின் டி ஏற்பி அமரும் அந்த இடம் மனிதரிலும் குரங்கினங்களிலும்தான் உண்டு. எலியின் கேத்தலிசிடின் மரபணுவில் இல்லை. பீனைல்பியூட்டிரேட் யூரியா சுழற்சிக் குறைபாட்டுக்கு ஏற்கெனவே வழங்கப்படும் பழைய மருந்து, வைட்டமின் டி மலிவானது. சோதனை நடக்க வேண்டியது நோயாளிகள் வரிசையில் நிற்கும் மருத்துவமனைகளில். டாக்காவில் ஒன்று நடந்துவிட்டது. காசநோய்ச் சுமையில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் நம் நாட்டில், தாம்பரத்திலும் தஞ்சையிலும் உள்ள நெஞ்சக நோய்ப் பிரிவுகளில் அதைப் பெரிய அளவில் செய்துபார்க்கலாம்.